10 இன்ச் குவாட்: மோட்டார் சுடுகிறது, இறங்கும்போது ஆடுகிறது, கெயினில் எதைத் தொடுவது?

ஓட்டுக்கூரை:

எல்லாருக்கும் வணக்கம். நாலு மோட்டார் ட்ரோன் (குவாட்), 500 அளவு ஃபிரேம், உருண்டையான கார்பன் குழாய்க் கைகள், 10 இன்ச் இரண்டிதழ் ப்ராப், 4எஸ் பேட்டரி, கேமராவோடு சேர்த்து 1.9 கிலோ. பிக்ஸ்ஹாக் வகை கட்டுப்பாட்டு போர்டு, அதில் ஆர்டுபைலட் மென்பொருள். பறக்க விடுவது பெரும்பாலும் பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம், பழைய வீடுகளுக்கு மேலே. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். ஓடு எங்கே உடைந்திருக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே உள்ளே இறங்குகிறது என்று ஆளை ஏற்றிப் பார்த்தால் இன்னும் நாலு ஓடு சேர்ந்து உடையும், அதனால் மேலிருந்து படம் எடுத்துக் கொடுக்கிறேன்.

தொல்லை என்னவென்றால், ஹோவரில், அதாவது ஒரே இடத்தில் மிதந்து நிற்கும்போது சன்னமாக ஒரு விர்ர் சத்தம். இறக்கியதும் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அதிலும் முன் வலது, பின் இடது இரண்டும் மற்றதைவிடக் கூடுதல் சூடு. செங்குத்தாக இறக்கினால் இரண்டு பக்கமும் தள்ளாடுகிறது. அப்புறம் ஒன்று, லாய்ட்டரில் (இடத்தையும் உயரத்தையும் தானே பிடிக்கும் மோட்) ஓட்டுக்கு மேலே ஆறேழு மீட்டரில் மெதுவாக நகர்த்தும்போது, வளவு (வீட்டு நடு முற்றம்) பக்கம் நெருங்க நெருங்கத் தானாக உயரம் குறைகிறது. நான் த்ராட்டில் குச்சியைத் தொடுவதே இல்லை. ஆட்டோ மிஷனில் போட்டால் அந்த இறக்கம் வருவதில்லை, இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

இப்போது இருக்கும் கெயின் (பிழையை எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற எண்): ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (முன்பின் சாய்வு) இரண்டுக்கும் ரேட் பி 0.18, ஐ 0.18, டி 0.009. பி பார்ப்பது இப்போதைய பிழையை, ஐ சேர்ந்துகொண்டே போகும் பிழையை, டி அது மாறும் வேகத்தை. ஆடுகிறது என்று கேட்டதற்கு டி-யை ஏற்று என்றார்கள், ஏற்றினேன். கைரோ ஃபில்டர் (திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சாரின் வடிகட்டி) 20 ஹெர்ட்ஸிலேயே இருக்கிறது. ரேஸிங் ட்ரோன் வைத்திருக்கும் பையன்கள் பி 45, டி 40 என்று பேசுகிறார்கள், அந்த எண்ணை இங்கே கொண்டுவர ஏதாவது கணக்கு உண்டா? ஆடி பிறந்துவிட்டது, காற்று நிற்காது, அதற்குள் இதைச் சரி செய்ய வேண்டும்.

---

கீச்சு_5இன்ச்:

அண்ணே முதலில் டி-யை இறக்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். மோட்டார் சுடுகிறது, கூடவே விர்ர் சத்தம் என்றால் பத்துக்கு ஒன்பது டி கூடுதல்தான். நாங்கள் தேவகோட்டையில் 5 இன்ச் பறக்க விடுகிறோம், கெயின் மாற்றிய உடனே ஒரு பேட்டரி முழுக்க ஓட்ட மாட்டோம், கொஞ்ச நேரம் நிறுத்தி இறக்கி மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி) புகைந்த பிறகு லாக் (பறந்ததன் பதிவு) பார்த்து என்ன பயன்.

எண்ணை மாற்றும் கணக்கு கிடையாது. ரேஸிங் ட்ரோன் மென்பொருளான பீட்டாஃப்ளைட் 4.3-இல் ரோலுக்கு பி 45, ஐ 80 என்று வருவது அந்த மென்பொருளுக்குள் வைத்திருக்கும் அளவுகோல், உங்கள் 0.18 வேறு அளவுகோல். மாற்ற முடிந்தாலும் பிரயோஜனம் இல்லை, என் 5 இன்ச் ப்ராப் கண் சிமிட்டுவதற்குள் வேகம் மாறும், உங்கள் 10 இன்ச்சுக்கு அந்த அவசரம் வராது.

---

செம்மண்_பறவை:

தம்பி சொன்னது சரி, டி 0.009 என்பது ஆர்டுபைலட் தொடக்கத்தில் கொடுக்கும் 0.0036-ஐ விட இரண்டரை மடங்கு. ஆனால் டி-யை இறக்கிவிட்டு மறுபடி அங்கேயே நின்று கெயினைத் திருகிக்கொண்டிருந்தால் ஆவணி வரைக்கும் திருகலாம். கெயின் கடைசியில் தொட வேண்டியது. அதற்கு முன்னால் ஃபிரேம், அதற்கப்புறம் ஃபில்டர், அப்புறம்தான் பி, டி எல்லாம்.

விர்ர் சத்தம் இரண்டு வழியில் வரலாம். டி எல்லை தாண்டி, கட்டுப்பாட்டுச் சுற்றே தன்னால் அலைவது ஒன்று. ப்ராப்பின் அதிர்வு கைரோவுக்குள் போய், அங்கிருந்து டி வழியாகப் பெருகி மறுபடி மோட்டாருக்கே கட்டளையாகப் போவது இன்னொன்று. டி பார்ப்பது மாற்றத்தின் வேகத்தை, அதனால் வேகமான அதிர்வு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்குப் பெரிதாகத் தெரியும். ஈஎஸ்சி பாவம், மோட்டாரை ஒரு நொடிக்குள் பலமுறை ஏற்றி இறக்கப் பார்க்கும், ட்ரோன் இருந்த இடத்தை விட்டு அசையாது, மின்சாரம் மட்டும் சூடாகப் போகும். இரண்டில் எது என்று காதால் பிரிக்க முடியாது. லாக் எடுங்கள். சாதாரண லாக்கில் ரேட் வரிசை நொடிக்குப் பத்துப் புள்ளிதான் பதியும், அதில் இந்த அலைவு சிக்காது, லாக் அமைப்பில் ஃபாஸ்ட் ஆட்டிட்யூட் என்பதை இயக்கிவிட்டுப் பறக்க விடுங்கள். ஐஎன்எஸ் பேட்ச் லாக்கிங்கையும் (சென்சாரின் வேகமான பதிவு) போட்டால் கணினியில் மிஷன் பிளானரில் எஃப்எஃப்டி வரைபடம், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்ற படம் கிடைக்கும். பத்து, இருபது ஹெர்ட்ஸ் சுற்றில் அலைந்தால் கெயின், தொண்ணூறு நூறு பக்கம் ஊசி மாதிரி நின்றால் ப்ராப்.

பறக்கும் முன்பு பி, ஐ 0.135, டி 0.0036 என்று பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். உங்கள் அளவு குவாட்டுக்கு ஆர்டுபைலட் தொடக்க எண்கள் அவ்வளவு மோசமில்லை. அதிலும் தரையை விட்டு எழும்பியதும் ஆடினால் பி, ஐ, டி மூன்றையும் பாதியாக்குங்கள், யோசிக்க வேண்டாம்.

ஃபில்டர் விஷயம். 20 ஹெர்ட்ஸ் கைரோ ஃபில்டர் 20 இன்ச், அதற்கு மேல் ப்ராப் போட்டவர்களுக்குப் பொருந்தும், 10 இன்ச்சுக்கு 40 சுற்று, 5 இன்ச்சுக்கு 80. வடிகட்டி எவ்வளவு கீழே வெட்டுகிறதோ அவ்வளவு தாமதம் சேரும், கட்டுப்பாட்டுக்குத் தாமதம்தான் முதல் எதிரி. முகப்பில் ஊஞ்சல் ஆடுகிறது, நிறுத்தப் போகிறோம் என்று கையை வைக்கிறோம், சரியான நொடியில் வைத்தால் நிற்கும், கொஞ்சம் தாமதித்து அது திரும்பிப் போகும்போது வைத்தால் நாமே தள்ளி விட்டதாகிவிடும். தாமதம் கூடின இடத்தில் பி-யும் டி-யும் செய்வது அதுதான். அதனால் கைரோ ஃபில்டர் 40, ரேட் டி ஃபில்டரும் டார்கெட் ஃபில்டரும் அதில் பாதி 20. ஆனால் ஃபில்டரை உயர்த்தினால் ப்ராப் அதிர்வு உள்ளே வரும், அதற்கு ஹார்மானிக் நாட்ச் (ப்ராப் அதிர்வையும் அதன் மடங்குகளையும் மட்டும் வெட்டும் வடிகட்டி) போட வேண்டும், போடாமல் ஃபில்டரை மட்டும் உயர்த்தாதீர்கள். எஃப்எஃப்டி எண் வந்ததும் அதைச் சொல்கிறேன்.

முன் வலது, பின் இடது மட்டும் சூடு என்று சொன்னீர்களே, அதை நான் விட மாட்டேன். லாக்கில் நாலு மோட்டார் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

மருந்தடிப்பவன்:

நான் புதுவயல், சாக்கோட்டைப் பக்கம் வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன், 30 இன்ச் ப்ராப், உங்கள் வண்டி அதன் முன்னால் சிட்டுக்குருவி. ஆனால் ஒன்று பொது. பேட்டரி அளவீடு. 4எஸ் என்றால் மோட்டார் வோல்ட்டேஜ் மேல் அளவு 16.8, கீழ் அளவு 13.2 என்று நிரப்பியிருக்கிறீர்களா? அது வெறுமனே இருந்தால் முழு பேட்டரியில் ஒரு ட்யூன், தீரப் போகும்போது வேறு ட்யூன். வோல்ட்டேஜ் இறங்கும்போது அதே கட்டளைக்கு மோட்டார் கொடுக்கும் விசை குறையும், அதை ஈடுகட்டத்தான் அந்த இரண்டு எண். வோல்ட்மீட்டர் வைத்துப் பேட்டரி மானிட்டரைச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள், தப்பான அளவை வைத்து ஈடுகட்டினால் இன்னும் கெடும். சிக்ரி (காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊரில் பேட்டரியை மதிக்காமல் இருக்கலாமா.

எடை விஷயமும் உண்டு. எனக்கு டேங்க் நிரம்பி இருக்கும்போது அமைதியாக இருக்கும், காலியானதும் அதே கெயினில் நடுங்கும், எடை குறைந்தால் அதே விசைக்கு வண்டி வேகமாகத் திரும்புகிறது. அதனால் நான் காலி டேங்கில்தான் ட்யூன் செய்வேன். நீங்கள் கேமராவை வைத்துக்கொண்டு ட்யூன் செய்துவிட்டு ஒரு நாள் கேமரா இல்லாமல் தூக்கினால் நடுங்கலாம், அப்போது பயப்பட வேண்டாம்.

காற்றுக்கு ஐ-யை ஏற்றுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். இன்னொன்று, படம் எடுத்துக் காசு வாங்கினால் அது வணிகம், 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, வணிகமாக ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 1.9 என்றால் விளிம்பில் இருக்கிறீர்கள், ஒரு பெரிய பேட்டரி மாட்டினால் அடுத்த வகைக்குப் போய்விடும்.

---

செம்மண்_பறவை:

பேட்டரி பற்றி முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஐ பற்றி இல்லை. காற்று ஒரே பக்கம் அடித்துத் தள்ளிக்கொண்டு போனால் அதை எதிர்த்து நிற்கச் சாய வேண்டும் என்று சொல்வது பொசிஷன், வெலாசிட்டி பகுதி, ரேட் ஐ அல்ல. ரேட் ஐ வேலை செய்வது எடை ஒரு பக்கம் கூடி இருந்தாலோ, ஒரு மோட்டார் பலவீனமாக இருந்தாலோ, அப்படி நிலையாக இழுக்கும் ஒன்றுக்கு. ஓட்டு விளிம்பில் வரும் சுழல் காற்று ஒரு நொடியில் மாறிவிடும், அதற்குள் ஐ கணக்குப் பார்த்து முடிக்காது, அங்கே தாங்குவது பி-யும் டி-யும் ஆங்கிள் பி-யும் (சாய்வுக் கோணத்தைத் திருத்தும் கெயின்). ஆர்டுபைலட்டில் ரோல், பிட்ச்சுக்கு ஐ-யை பி-க்குச் சமமாக வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

---

மருந்தடிப்பவன்:

வயலில் சுழல் காற்று கிடையாது, ஒரே சீராக அடிக்கும், எனக்கு அது ஒத்துவந்தது. உங்கள் இடத்துக்கு உங்கள் பேச்சு சரி.

---

ஓட்டுக்கூரை:

டி-யை இறக்கி, பழைய எண்ணுக்குப் போய், காலையில் கண்மாய்க்குள் வைத்து லாக் எடுத்தேன். தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, ஆள் இல்லை, இரண்டு மயில் மட்டும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

விர்ர் சத்தம் பெருமளவு போய்விட்டது. மோட்டார் வெதுவெதுப்புதான். பழைய கெயினில் எடுத்த பகுதியில் 15 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய அலைவு தெரிகிறது, புதியதில் அது இல்லை. எஃப்எஃப்டியில் 92 ஹெர்ட்ஸில் ஓர் உச்சி, 184-இல் இன்னொன்று சின்னதாக. வைப்ரேஷன் மூன்று அச்சிலும் 30-க்குக் கீழே, கிளிப் (சென்சார் அளவு எல்லை தாண்டியது) பூஜ்யம். ஹோவர் த்ராட்டில் 0.28 என்று கற்றிருக்கிறது.

மோட்டார் வெளியீடு: ஒன்றாவதும் இரண்டாவதும் மற்ற இரண்டைவிட ஏறத்தாழ 150 மைக்ரோவினாடி கூடுதல். கேமரா முன்னால் இருப்பதால் என்று நினைக்கிறேன், சரிதானா?

---

செம்மண்_பறவை:

இல்லை. கேமரா முன்னால் இழுத்தால் முன்னால் இருக்கும் இரண்டும் கூடுதலாக ஓடும், அதாவது ஒன்றும் மூன்றும். ஆர்டுபைலட் குவாட் எக்ஸில் ஒன்று முன் வலது, இரண்டு பின் இடது, மூன்று முன் இடது, நாலு பின் வலது. ஒன்றும் இரண்டும் குறுக்கே எதிரெதிர், இரண்டும் ஒரே திசையில் சுற்றுகிறவை. ஒரே திசையில் சுற்றும் இரண்டும் கூடுதலாக ஓடினால் வண்டி எந்நேரமும் யா (நின்ற இடத்தில் இடவலமாகத் திரும்புவது) பக்கம் திருகிக்கொண்டு போகப் பார்க்கிறது, அதை ஓயாமல் எதிர்த்துப் பிடிக்கிறது. உருண்டைக் குழாய் என்று எழுதியிருந்தீர்கள், அப்படியென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு ஏதோ ஒரு மோட்டார் மவுண்ட் குழாயில் திரும்பி, மோட்டார் சாய்ந்து நிற்கிறது. ப்ராப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மோட்டார் தலையிலும் ஒரு நேரான சட்டத்தை வைத்து எதிர்ப்பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள், சாய்வு கண்ணுக்கே தெரியும். சரி செய்து இறுக்கியபின் கவ்வி திரும்பாமல் ஒரு திருகு போட்டு நிறுத்துங்கள், வெறும் இறுக்கத்தை நம்பாதீர்கள். கெயின் எவ்வளவு சரியாக வைத்தாலும் இது இருக்கும் வரை இரண்டு மோட்டார் சூடாகத்தான் இருக்கும், யா பக்கம் ஒரு திசையில் மந்தமாகவும் இருக்கும்.

நாட்ச்: த்ராட்டில் வழி, அதாவது மோட் 1. ரெஃபரன்ஸ் 0.28, ஃப்ரீக்வென்ஸி 92, பேண்ட்விட்த் அதில் பாதி 46. ஹார்மானிக்ஸில் முதல் இரண்டையும் தேர்வு செய்தால் 184-ம் அடங்கிவிடும், அது ப்ராப் இதழ் இரண்டு என்பதால் வருவது. முதலில் இயக்கத்தை மட்டும் போட்டுவிட்டு போர்டை மறுபடி தொடங்குங்கள், அதற்கப்புறம்தான் மற்ற எண்கள் பட்டியலில் தெரியும், காணவில்லையே என்று தேடாதீர்கள். நாட்ச் வந்தபின் கைரோ ஃபில்டர் 40. மறுபடி எஃப்எஃப்டி எடுத்து 92-இல் மேடு அமுங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஆட்டோட்யூன் (பறந்துகொண்டே கெயினைத் தானே கண்டுபிடிக்கும் முறை).

---

கண்மாய்க்கரை:

உயரம் குறைவது பற்றி யாரும் பேசவில்லையே. லாய்ட்டரில் மட்டும், ஓட்டுக்கு மேலே மட்டும், ஆட்டோவில் இல்லை. அடியில் லைடார் (ஒளியால் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர்) மாட்டியிருக்கிறீர்களா?

---

ஓட்டுக்கூரை:

ஆமாம், இறக்கத்துக்காக ஒரு சின்ன லைடார். 12 மீட்டர் வரை என்று போட்டிருந்தது.

---

கண்மாய்க்கரை:

அதுதான். கெயினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆல்ட்ஹோல்டிலும் (உயரத்தை மட்டும் பிடிக்கும் மோட்) லாய்ட்டரிலும் ரேஞ்ச்ஃபைண்டர் எட்டும் உயரத்தில் பறந்தால் ஆர்டுபைலட் அடியில் தெரியும் பரப்போடு இடைவெளியைக் காப்பாற்றப் பார்க்கும். உங்கள் அடியில் தெரிவது தரை இல்லை, ஓட்டுச் சரிவு. நாலு பக்கத்து ஓடும் வளவைப் பார்த்துத்தான் சரிகிறது, மழைத்தண்ணீரை முற்றத்தில் சேர்ப்பதற்குத்தானே அப்படிக் கட்டினார்கள், வண்டியும் அந்தச் சரிவோடு இறங்குகிறது. முகட்டுப் பக்கம் நகர்த்திப் பாருங்கள், ஏறும். சர்ஃபேஸ் ட்ராக்கிங் மோடைப் பூஜ்யமாக்குங்கள், இறங்கும்போது லைடார் வழக்கம்போல் வேலை செய்யும். ஆட்டோவில் வராததற்குக் காரணம், உங்கள் மிஷன் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது.

இந்த ஊரில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றத்துக்கு நேர் மேலே மத்தியானம் சூட்டுக் காற்று மேலே தள்ளும், ஓட்டு விளிம்பில் கீழே இழுக்கும். பாரோமீட்டர் மேல் பஞ்சு இல்லையென்றால் காற்று அடிக்கும்போதெல்லாம் உயரம் அரை மீட்டர் ஒரு மீட்டர் துள்ளும், அதையும் கெயின் என்று நினைத்துக்கொள்வார்கள். திறந்த துளைப் பஞ்சு ஒரு துண்டு வெட்டி வையுங்கள், வெயில் நேராகப் படாமலும் மூடுங்கள்.

---

கீச்சு_5இன்ச்:

இது செம. நான் கெயின் கெயின் என்று கத்திக்கொண்டிருக்கிறேன், அண்ணன் ஓட்டைப் பார்த்திருக்கிறார்.

இறங்கும்போது தள்ளாடுவதற்கு நான் சொல்லலாமா. தான் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே இறங்குகிறது, ப்ராப்புக்கு அடியில் கலங்கிய காற்று, அதற்குப் பிடிமானம் கிடைக்காது. நாங்கள் ப்ராப்வாஷ் என்போம், 5 இன்ச்சில் டி-யையும் ஃபில்டர் தாமதத்தையும் சரி செய்து நிறையக் குறைக்கலாம், ஆர்பிஎம் ஃபில்டர் (மோட்டார் சுழலும் வேகத்தைப் பின்தொடரும் வடிகட்டி) போட்டவர்களுக்கு இன்னும் நன்றாக வரும். 10 இன்ச்சில் ப்ராப் கனம், வேகம் மாறுவதற்குள் காற்று வேறு பக்கம் போயிருக்கும், எந்த கெயினாலும் முழுக்கப் போக்க முடியாது. பறக்கும் முறையை மாற்றுங்கள், நேர் கீழே இறங்காமல் முன்னால் நகர்ந்துகொண்டே சாய்வாக இறங்குங்கள், புதிய காற்றுக்குள் ப்ராப் போய்க்கொண்டே இருக்கும். செங்குத்தாகத்தான் இறங்க வேண்டுமென்றால் மெதுவாக. கீழ்நோக்கிய வேகத்தை நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள்.

---

செம்மண்_பறவை:

தம்பி சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். இந்தத் தள்ளாட்டத்துக்குத்தான் டி-யை ஏற்று என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அந்த யோசனை சின்ன ப்ராப் வண்டியிலிருந்து வந்தது.

ஆட்டோட்யூன் பற்றி எழுதிவிடுகிறேன். காற்று இல்லாத நேரம், ஆடியில் அது விடிந்ததும் கொஞ்ச நேரம்தான், வெயில் ஏறினால் பொட்டலில் நிற்கவே முடியாது. இடம் அகலமாக வேண்டும், ஆட்டோட்யூனில் அது தன்னால் காற்றோடு நகர்ந்து போகும், குச்சியால் மட்டும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சிலர் செட்டிநாடு பழைய விமான ஓடுதளத்துக்குப் போகிறார்கள், இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம், இடம் அருமைதான், ஆனால் அது அரசு கால்நடைப் பண்ணை நிலத்தோடு இருக்கிறது, கேட்காமல் நுழையாதீர்கள். எங்கே போனாலும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா என்று பார்த்துவிட்டுப் போங்கள், பச்சையிலும் 120 மீட்டர்தான் எல்லை. உயர் மின்கம்பியும் கோவில் கோபுரமும் பக்கத்தில் வேண்டாம்.

மூன்று அச்சையும் ஒரே பேட்டரியில் முடிக்கப் பார்க்காதீர்கள். அச்சுத் தேர்வில் 1 ரோல், 2 பிட்ச், 4 யா. ஒரு பேட்டரிக்கு ஒன்று. ஆல்ட்ஹோல்டில் ஏற்றி நிறுத்தி, சுவிட்சைப் போட்டால் இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடும், பார்க்கப் பயமாக இருக்கும், விடுங்கள். நடுவில் குச்சியைத் தொட்டால் பழைய கெயினுக்குப் போய்க் காத்திருக்கும், விட்டால் தொடரும். முடிந்ததும் தரைநிலையத் திரையில் அதை எழுதிக் காட்டும். இப்போது சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டால் புதிய கெயினில் பறந்து பார்க்கலாம், பிடித்திருந்தால் சுவிட்ச் ஆட்டோட்யூனில் இருக்கும்போதே இறக்கி டிஸ்ஆர்ம் (மோட்டாரை நிறுத்திப் பூட்டுவது) செய்ய வேண்டும், அப்போதுதான் சேமிக்கும். அணைத்துவிட்டு டிஸ்ஆர்ம் செய்தால் அத்தனையும் போச்சு. இதில் மாட்டாத ஆள் குறைவு.

அக்ரஸிவ்னஸ் (எவ்வளவு துடிப்பாக ட்யூன் செய்வது என்ற அளவு) 0.1-இல் இருந்தால், ஓட்டு விளிம்புக் காற்றில் பறக்கிறவருக்கு அது பரவாயில்லை. ஆட்டோட்யூன் கொடுத்தது துடிப்பாக இருந்தால் 0.075 வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

காற்று விடவே இல்லை என்றால் கையால் செய்யலாம், ட்ரான்ஸ்மிட்டர் குமிழில் கொடுத்து. டி-யைப் பாதிப் பாதியாக ஏற்றி அலைவு தெரிந்ததும் நிறுத்தி, பத்து சதவீதமாக இறக்கி அலைவு அடங்கியதும் மேலும் கால் பங்கு இறக்குங்கள். அப்புறம் பி-க்கும் அதே முறை. டி-தான் முதலில், பி-யை முதலில் ஏற்றினால் அது தாங்கி நிற்க ஒன்றும் இருக்காது.

---

மருந்தடிப்பவன்:

ஒரு சின்ன விஷயம், யாரும் எழுதவில்லை. செம்மண். இறங்கும்போது பறக்கும் புழுதி மோட்டார் பேரிங்குக்குள் போகிறது, பேரிங் கரகரத்தால் அந்த மோட்டார் அதிர்வு கூடும், நீங்கள் போட்ட நாட்ச்சுக்கும் அது அடங்காது. நாங்கள் தார்ப்பாய் விரித்து அதில்தான் ஏற்றி இறக்குவோம். ப்ராப்பைக் கழற்றிவிட்டு விரலால் சுற்றிப் பாருங்கள், மற்றதைவிடச் சீக்கிரம் நிற்கும் மோட்டார் இருந்தால் பேரிங்கை மாற்றுங்கள். ப்ராப் முனையில் நகத்தால் தடவி ஒரு சின்ன உடைசல் பட்டாலும் அதைத் தூக்கிப் போடுங்கள், ஒட்டிச் சமன் செய்து ஓட்டுவது ஆசைக்கு நல்லது, அடுத்தவர் வீட்டு ஓட்டு மேலே வேண்டாம்.

---

ஓட்டுக்கூரை:

பின் இடது மோட்டார்தான் சாய்ந்திருந்தது, கண்ணுக்கே தெரிந்தது. நிமிர்த்தித் திருகு போட்டபின் நாலு வெளியீடும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல், அது கேமரா. பேட்டரியைப் பின்னால் தள்ளினேன், அதுவும் போனது. நாட்ச் போட்டபின் 92-இல் மேடு அமுங்கிவிட்டது. சர்ஃபேஸ் ட்ராக்கிங்கை அணைத்ததும் வளவுக்கு மேலே ஆடாமல் அசையாமல் போகிறது.

ஆட்டோட்யூன் ரோலுக்கு பி 0.118, டி 0.0047 கொடுத்தது. பிட்ச்சுக்கு பி 0.139, டி 0.0062. ஆங்கிள் பி இரண்டுக்கும் 10-ஐ ஒட்டி. இரண்டு அச்சுக்கும் இவ்வளவு வித்தியாசம் வரலாமா? யா இன்னும் ஓட்டவில்லை, அதற்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

---

செம்மண்_பறவை:

வரலாம், வர வேண்டும். பேட்டரியும் கேமராவும் முன் பின்னாக நீளவாக்கில் இருக்கிறது, பிட்ச் பக்கம் திருப்புவது ரோலைவிடக் கனம், அதற்கு பி கூடுதலாகத் தேவைப்படும். இரண்டும் ஒரே எண் வந்திருந்தால்தான் சந்தேகப்படுவேன்.

யா-வுக்கு எரர் ஃபில்டர் 2 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள், ஐ அதில் பி-யில் பத்தில் ஒரு பங்காக வரும், ரோல் மாதிரி சமமாக்கிவிடாதீர்கள். மவுண்ட் சாய்ந்திருந்தபோது ஓட்டாமல் இருந்தது நல்லது, அந்தத் திருகலையும் சேர்த்துத்தான் அது ட்யூன் செய்திருக்கும். முடிந்ததும் ஒரு வீட்டைச் சுற்றி லாய்ட்டரில் ஒரு லாக் எடுத்துப் போடுங்கள், மத்தியானக் காற்றில். வேண்டிய ரோலும் வந்த ரோலும் ஓட்டு விளிம்பில் எவ்வளவு ஒட்டிப் போகிறது என்று பார்த்துவிட்டு ஆங்கிள் பி-யைக் குறைக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.